இக்கரைக்கு அக்கரை பச்சைத் திராட்சை

வா பேராண்டி, வா. செருப்பை அங்கேயே விடு. அந்தப் பொட்டலத்தை என் வெத்தலைப் பெட்டி மேல வைக்காத, ஈரமா இருக்கு. என்னது அது? குச்சியா? மூணே மூணு குச்சி. அதுக்கு ஈரப் பேப்பர் ஒரு சுத்து, பிளாஸ்டிக் ஒரு சுத்து, மேல துண்டு ஒரு சுத்து. பெங்களூர்லேர்ந்து ராத்திரி பூரா பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தியாமே? உங்க அப்பனை ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தப்பகூட நான் இவ்வளவு பதனமாத் தூக்கலடா. வைக்கோல் பரப்பின மாட்டு வண்டியில போட்டுக்கிட்டு வந்தேன். நல்லாத்தானே வளர்ந்தான்?

என்னமோ சொன்னியே, அரிய ரகம், பாரம்பரிய ரகம், வெள்ளைத் திராட்சை, ஒயின் போடலாம்னு. ஒரு மூச்சுல நாலு சங்கதி சொல்லிட்ட. கிழவனுக்கு ஒண்ணொண்ணாச் சொல்லு. எனக்குக் காது மந்தம். மத்ததெல்லாம் இன்னும் மந்தமாகல.

மொதல்ல இதை எங்க நடப் போற? திருவளர்ச்சோலையில நம்ம வாழைக் கொல்லையிலயா? அப்படிப் போடு. நாம இருக்குறது எங்கன்னு ஞாபகம் இருக்கா? வடக்கே கொள்ளிடம், தெக்கே காவிரி, நடுவுல நாம. ரெங்கநாதர் படுத்துக்கிட்டு இருக்காரு, அவருக்குத் தண்ணி பழக்கம். ஆதிசேஷன் மேல பாற்கடல்ல படுத்தவரு. திராட்சைக் கொடிக்கு அந்தப் பழக்கம் கெடையாது. வேர்ல தண்ணி நின்னா அழுகிப் போற சாதி அது. 2018 ஆகஸ்ட்டு மறந்து போச்சா? முக்கொம்புல கொள்ளிடத்து மதகு ஒன்பது அடிச்சுக்கிட்டுப் போச்சு. பழைய இரும்புப் பாலம் காலு மடங்கி ஆத்துல விழுந்துச்சு. அந்த வருஷம் நம்ம பூவன் தாரெல்லாம் தண்ணிக்கு மேல தலையை மட்டும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வாழையே மூச்சு முட்டி நின்ன எடத்துல ஒயின் கொடியா?

சரி, மேடான எடமாப் பாத்து நட்டுடுவ. அடுத்த கேள்வி. திராட்சை தூங்கணும், தெரியுமா? அது குளிர் தேசத்துக் கொடி. அங்க வருஷத்துல நாலஞ்சு மாசம் இலையெல்லாம் உதிர்த்துட்டு மொட்டைக் குச்சியாத் தூங்கும். வெயில் வந்ததும் எந்திரிக்கும். பூக்கும், காய்க்கும், வருஷத்துக்கு ஒருக்கா அறுப்பு. நம்ம ஊர்ல அது எங்க தூங்குறது? மார்கழியில நாலு நாள் பனி. பங்குனி பொறந்தா கொதிக்க ஆரம்பிச்சுடும். சித்திரையில மலைக்கோட்டைப் பாறையில தோசை சுடலாம். இந்தச் சூட்டுல நீயே தூங்க மாட்டேங்குற, ஏசி கேக்குற. கொடி தூங்குமா?

அதுக்குத்தான் நம்மாளு கத்தியைக் கண்டுபிடிச்சான். கவாத்து. குளிர் வந்து செய்யுற வேலையைக் கத்தி செய்யும். மார்கழி, தையில ஒரு வெட்டு வெட்டுனா சித்திரை வாக்குல பழம். வைகாசி, ஆனியில ஒரு வெட்டு வெட்டுனா ஆவணி, புரட்டாசியில பழம். வெள்ளைக்காரன் தேசத்துல வருஷத்துக்கு ஒரு அறுப்பு. மகாராஷ்டிராவுல ரெண்டு தடவை வெட்டி ஒரு அறுப்பு. நம்ம தமிழ்நாட்டுல ரெண்டு வெட்டு, ரெண்டு அறுப்பு. கம்பம் பள்ளத்தாக்குக்காரன் இன்னும் கெட்டிக்காரன். ரெண்டு வருஷத்துல அஞ்சு அறுப்பு எடுக்குறான். அந்தக் கொடியைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும். பிரான்ஸ்ல இருக்குற அதோட தாயாதிக்குத் தெரிஞ்சா சங்கம் வச்சுப் போராடும்.

இப்ப ஒயினுக்கு வா. நந்தி மலைப் பக்கம் ஒயின் தோட்டத்துக்கு டூர் போயிருந்தியாமே. வீடியோ காட்டுன, பாத்தேன். ஒரு ஆளு கண்ணாடிக் கிண்ணத்துல ரெண்டு மடக்கு ஊத்தி, சுத்திச் சுத்தி ஆட்டி, மூக்கை உள்ள விட்டு, ஒரு வாய் எடுத்து, கொப்புளிச்சு, துப்பிட்டான். துப்புறதுக்கா டிக்கெட்டு? நான் வெத்தலை போட்டுத் துப்புனா மட்டும் உங்க அம்மா முறைக்கிறா.

அப்புறம் அவன் வாசனை சொன்னான் பாரு. பூ வாசனை, எலுமிச்சை வாசனை. சரி, இருக்கட்டும். ஒரு வெள்ளை ஒயின்ல ஈரக்கல்லு வாசனையாம். அம்மா மண்டபத்துப் படித்துறையில வந்து மோந்து பாரு, காசே வேண்டாம். இன்னொண்ணுல மண்ணெண்ணெய் வாசனை வரும், அது ரொம்ப ஒசத்தியாம். எங்க காலத்துல சாப்பாட்டுல மண்ணெண்ணெய் வாசனை வந்தா ரேஷன் கடையில சண்டைக்குப் போவோம். சொவினியோன் பிளாங்குன்னு ஒண்ணு இருக்காமே, அதுல பூனை மூத்திர வாசனை வருமாம். இதை வைய்யுறதுக்குச் சொல்லல பேராண்டி, மெச்சித்தான் சொல்லுறாங்களாம். உங்க அப்பாயி அரிசிப் பானையில பூனை மூத்திர வாசனை வந்தா என்ன செஞ்சிருப்பா? பூனையைத் தேடியிருப்பாளா, கிண்ணத்தைச் சுத்தியிருப்பாளா?

ஒயினே நமக்குப் புதுசுன்னு நெனைச்சுக்காத. நம்ம உறையூர் இருக்கே, சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூப்புடு தூரம், அது சோழன் தலைநகரா இருந்த காலத்துலயே யவனன் கப்பல்ல ஒயின் கொண்டாந்தவன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிரேக்க மாலுமி எழுதி வச்ச பெரிப்ளஸ்னு ஒரு புஸ்தகத்துல உறையூர் பேரு ‘அர்கரு’ன்னு இருக்கு. இங்கேர்ந்து மெல்லிசு துணி போச்சு. மேலக்கரையில முசிறித் துறைக்கு என்னென்ன வந்து இறங்குச்சுன்னு பட்டியல் போடுறப்போ ஒயினையும் சேத்திருக்கான். கூடவே ‘அதிகமில்லை’ன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த மாலுமியை எனக்குப் பிடிக்கும். எவ்வளவு ஞானம் பாரு! நம்மாளு ஒயினை வாங்கிக்கிட்டான், அளவா வாங்கிக்கிட்டான். கள்ளு இருக்குற ஊர்ல அதுக்கு மேல எதுக்கு?

1945ல அரிக்கமேட்டுல வீலர் துரை தோண்டுனப்போ அந்த ஒயின் ஜாடி ஓட்டுச் சில்லெல்லாம் கெடைச்சுச்சு. புறநானூத்துல ஒரு புலவர், பாண்டியனைப் பாத்து யவனன் கொண்டாந்த வாசனைத் தேறலைக் குடிச்சு நல்லா இருய்யான்னு வாழ்த்துறாரு. நக்கீரருதான். அவரு மண்ணெண்ணெய் வாசனை வருதுன்னு சொல்லல. குளுகுளுன்னு, வாசனையா இருக்குன்னு சொல்லி நிறுத்திக்கிட்டாரு.

அப்போ வந்தது ஒயின்தான், கொடி வரல. கொடி வந்த கதை வேற. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. மணப்பாறை முறுக்குக்கும் அதே வருஷம்தான். முறுக்குக்குச் சர்டிபிகேட்டு வந்ததும் முறுக்கு விலை ஏறுனதுதான் மிச்சம். அது கெடக்கட்டும். அந்தப் பன்னீரை 1832ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் கொண்டாந்து குடுத்தாருன்னு எல்லாப் பேப்பர்லயும் போட்டாங்க. நல்ல மனுஷன், இருக்கட்டும். ஆனா அந்த ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க்னு பேரு. அது சுமார் 1850 வாக்குல இங்கிலாந்துல ஒரு பிரபு வீட்டுத் தோட்டக்காரரு ரெண்டு கொடியைக் கலப்புச் சேத்துப் பெத்தெடுத்த புள்ளைன்னு திராட்சை சாத்திரக்காரங்க சொல்லுறாங்க. பதினெட்டு வருஷம் கழிச்சுப் பொறக்கப் போற புள்ளைக்கு 1832லயே பாஸ்போர்ட்டு எடுத்துட்டாரு பாதிரியார்! பாதிரியார் கொண்டாந்தது வேற ஏதாவது திராட்சையா இருந்திருக்கும். பின்னாடி வந்தவன் பழைய கதையைப் புதுக் கொடி மேல ஏத்தி விட்டுருப்பான். எதுக்குச் சொல்லுறேன்னா, ‘பாரம்பரியம்’னு எவனாவது சொன்னா மொதல்ல பொறந்த தேதியைக் கேளு. பொண்ணு பாக்கப் போனா கேக்குறோம்ல?

அந்தப் பன்னீருக்கு அப்பனோ ஆத்தாளோ ஒண்ணு வெள்ளைத் திராட்சை. மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியான்னு ரொம்பப் பழைய ரகம். அந்த வாசனைதான் புள்ளைக்கும் எறங்கி, நம்மாளு ‘பன்னீர்’னு பேரு வச்சான். பாத்தியா, அவன் மூக்குக்கும் வாசனை தெரிஞ்சிருக்கு. ஒரே வார்த்தையில முடிச்சுட்டான்.

பேரைப் பத்திச் சொல்லும்போது ஒண்ணு. திராட்சைன்னு நீ இப்ப சொல்லுற. எங்க காலத்துல பாலக்கரையில கிறிஸ்தவ வீட்டுப் பெரியவங்கெல்லாம் ‘கொடிமுந்திரி’ன்னுதான் சொல்லுவாங்க. அங்க எனக்கு ஒரு கூட்டாளி, கோயில்ல பூசைக்கு எடுத்து வைக்குற வேலை. அவன்கிட்ட ஒரு நாள் கேட்டேன், ஏம்ப்பா, உங்க பூசைக்கு எந்த ரகத்து ஒயின் வேணும், கருப்பா வெள்ளையான்னு. சிரிச்சான். ‘கொடிமுந்திரியிலேர்ந்து வந்ததா இருக்கணும், கெட்டுப் போகாம இருக்கணும், கலப்படம் கூடாது. சட்டத்துல அவ்வளவுதான் இருக்கு’ன்னான். ரகத்தைப் பத்தி ஒரு பேச்சு இல்லை பாரு. சாமி கேக்காத ரகத்தை நீ கேக்குற.

நம்ம பெருமாளும் அப்படித்தான். துலுக்க நாச்சியாருக்காக ரொட்டியும் வெண்ணெயும் சாப்புடுறவரு அவரு. வடக்கத்தி ரொட்டின்னு ஒதுக்கவும் இல்லை, அரிய ரொட்டின்னு கிண்ணத்தைச் சுத்தவும் இல்லை. வந்ததைப் பிரியமா ஏத்துக்கிட்டாரு.

அடேய், கொட்டாவி விடாத. உனக்குப் பிடிச்ச பிரான்ஸ் கதைக்கு வர்றேன். ஷார்டனே, ஷார்டனேன்னு உருகுறியே, அது யாரு புள்ளை தெரியுமா? 1999ல கலிஃபோர்னியாவுல டிஎன்ஏ எடுத்துப் பாத்தாங்க. ஒரு பக்கம் பினோ. அது பெரிய வீட்டு ரத்தம், சரி. இன்னொரு பக்கம் ‘கூவே பிளாங்’னு ஒரு வெள்ளைத் திராட்சை. குடியானவன் வீட்டுக் கொல்லையில கெடந்த ரகம். பேருலயே எளக்காரம் இருக்காம், அந்த ஊர்ப் பழைய பாஷையில. அதை நடவே கூடாதுன்னு சில ஊர்ல அதிகாரம் பண்ணவன் உத்தரவு போட்டிருக்கான், ஒயின் மட்டம்னு. அந்தக் கிழவியும் பினோவும் சேந்துதான் ஷார்டனே, காமே, இன்னும் என்னென்னமோ, மொத்தம் பதினாறு ரகம். இன்னிக்கு அந்தப் புள்ளைங்க உலகம் பூரா வெள்ளித் தட்டுல. கிழவி கொடியை பிரான்ஸ்ல தேடித்தான் பாக்கணும். அவளும் இப்ப ‘அரிய ரகம்’. வெரட்டி விட்டவனே இப்ப டார்ச் லைட்டு அடிச்சுத் தேடுறான்.

வியோன்யேன்னு இன்னொரு வெள்ளை. 1960கள்ல ரோன் ஆத்தங்கரையில ஒரு சின்ன மலைச்சரிவுல சில ஏக்கரோட முடிஞ்சு போச்சுன்னு இருந்துச்சு. நட்டவனுக்குக் கட்டுப்படியாகல, விட்டுட்டான். அப்புறம் நாகரிகம் மாறுச்சு, நாடு நாடா ஏறிடுச்சு. நீ டூர் போன நந்தி மலை அடிவாரத்துலகூட அது கெடக்கு. காலடியில கெடந்த ‘அரிய ரக’த்தைப் பாக்காமத்தான் குச்சியை வேற எடத்துல வாங்கியிருக்க.

அங்க உள்ள கொடிக்கெல்லாம் காலு வேற, தலை வேறங்குறது தெரியுமா? 1860கள்ல அமெரிக்காவுலேர்ந்து ஒரு பூச்சி கப்பலேறிப் போச்சு. வேரை உறிஞ்சுற பொடிப் பூச்சி. பிரான்ஸ் பூராக் கொடி கருகிப் போச்சு. கடைசியில என்ன பண்ணான்? பூச்சி எந்த ஊர்லேர்ந்து வந்துச்சோ அந்த ஊர்க் கொடியோட வேர் மேலயே தன் கொடியை ஒட்டுக் கட்டுனான். அமெரிக்காக் காலு, பிரெஞ்சுத் தலை. மண்ணோட மகிமை, மண்ணோட மகிமைன்னு அவன் பேசுறப்போ இதை நெனைச்சுச் சிரிச்சுக்க. வெளியில சிரிச்சுடாத, அவன் ஒயினுக்கு விலை கூட்டிடுவான்.

சரி, பேச்சு வளருது. அந்தக் குச்சியில சீட்டுக் கட்டியிருக்கே, அதுல என்ன ரகம்னு எழுதியிருக்கு? என் கண்ணாடி மாடத்துல இருக்கு, எடு. இல்லை, நீயே படி.

என்னது? போக்கிரியா?

போக்ரி. போ-க்-ரி.

ஹும். இன்னொரு தடவை படி. போக்ரி. மகாராஷ்டிராவுலேர்ந்து வந்தது. மஞ்சள் பச்சை. விதை உண்டு. பேராண்டி, உக்காரு. தண்ணி குடி. நீ இந்தக் குச்சிக்கு எவ்வளவு குடுத்தன்னு மட்டும் சொல்லிடாத, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. இது நம்ம பச்சைத் திராட்சைடா! அவங்க ஊர்ல பேரு போக்ரி, தமிழ்நாட்டுல பேரு பச்சைத் திராட்சை. என் அக்காவைக் கட்டிக் குடுத்தது கொடைரோடு பக்கம். மச்சான் வீட்டுப் பந்தல் பூரா இந்தப் போக்கிரிதான். உதிர்ந்து கெடந்ததை ஆடு தின்னும். அந்த ஆட்டுக்குத் தெரியாது, அது அரிய ரகம் தின்னுதுன்னு.

எனக்கு மீசை அரும்புன வயசு. கவாத்து நாளைக்குக் கூடமாட ஒத்தாசைக்குப் போவேன். கல்தூணு, மேல கம்பி கட்டம் கட்டமா, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல. கீழ நிழலு, மேல வெயிலு. நாள் பூரா கழுத்தை அண்ணாந்துக்கிட்டே வேலை. ராத்திரி சோத்தைக்கூட அண்ணாந்துதான் திங்கத் தோணும். மச்சான் கத்தி பிடிக்குறதைப் பாக்கணும். முத்துன குச்சியை வெரலால ஒரு நீவு நீவுவாரு. ஒண்ணு, ரெண்டு, கணு எண்ணுவாரு. ரெண்டாவது கணுவுக்கு மேல சாய்வா ஒரே இழுப்பு. பச்சைத் திராட்சைக்கு ரெண்டு கணு விட்டாப் போதும். பன்னீருக்கு நாலஞ்சு விடணும். நான் ஒரு தடவை தாராளமா அஞ்சு விட்டு வெட்டுனேன். ‘மாப்ள, இலை திங்குறதா இருந்தா அப்படி வெட்டுங்க’ன்னாரு. வெட்டுன வாயிலேர்ந்து தண்ணி சொட்டும். சொட்டு சொட்டா, பந்தல் பூரா, நம்ம தலை மேல, முதுகு மேல. கொடி அழுவுதுன்னுவாங்க. மோந்து பாத்தேன், எந்த வாசனையும் இல்லை. ஈரக்கல்லும் இல்லை, பூனையும் இல்லை.

காய்ப்புன்னா அப்படிக் காய்க்கும். ஹெக்டேருக்கு 35 டன் வரும்னு தோட்டக்கலைக்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. ஒயின்காரன் அதைக் கேட்டா மூக்கைச் சுளிப்பான். அவனுக்குக் கொடி கொஞ்சமாக் காய்க்கணும், பழத்துல சத்து எறங்கணும். இனிப்பு 20 பிரிக்ஸுக்கு மேல ஏறணும். நம்ம போக்கிரி 16, 18லயே நின்னுடுவான். ஒயின் போட்டா அது மருந்துக்கும் ஆகாது, விருந்துக்கும் ஆகாது. இது திங்குற பழம்டா. கூடையில வச்சு வித்த பழம்.

அப்புறம் ஏன் காணாமப் போச்சு? அப்படிக் கேளு, இதுதான் கேள்வி. யாரும் சதி பண்ணல. நோய் சீக்கிரம் வரும், அடிச்சாம்பலும் துருவும். பறிச்சு வச்சா தாங்காது. ஒரு தடவை அக்கா ஒரு கூடை குடுத்து விட்டா. கொடைரோட்டுல பாசஞ்சர் வண்டி ஏறுனேன். திண்டுக்கல் தாண்டி, மணப்பாறை தாண்டி, திருச்சி ஜங்ஷன்ல எறங்குறப்போ கூடை அடியில நொச நொசன்னு நுரை. அப்பவே புளிக்க ஆரம்பிச்சுடுச்சு. பக்கத்து சீட்டு ஆளு என்னையே மோந்து பாக்குறான். பேராண்டி, நம்ம வம்சத்துல மொதல்ல ஒயின் போட்டவன் நான்தான். லைசென்ஸ் இல்லாம, ரயில்ல.

தாங்காத பழத்தை எந்த வியாபாரி எடுப்பான்? அப்புறம் விதை. மகாராஷ்டிராவுலேர்ந்து தாம்சன் சீட்லெஸ் லாரி லாரியா வர ஆரம்பிச்சதும் மாசி, பங்குனியில காந்தி மார்க்கெட் பூரா அதுதான். விதையைத் துப்பவும் சோம்பேறித்தனம் உங்களுக்கு. ஒயினைத் துப்புறதுக்குக் காசு குடுப்பீங்க, விதையைத் துப்ப மாட்டீங்க. இன்னொரு பக்கம் பன்னீர், வருஷம் பூரா காய்க்குது. நடுவுல நின்ன போக்கிரி கூண்டோட போயிட்டான். மச்சான் மகன் பந்தலைப் பிரிச்சுக் கல்தூணை விலைக்குப் போட்டான். பழத்துல வந்ததைவிடத் தூணுல நல்ல விலை.

நரி எட்டி எட்டிப் பாத்துட்டுப் புளிக்கும்னு சொல்லிட்டுப் போச்சுல்ல? ஊரே சிரிக்குது நரியைப் பாத்து. அது பச்சைத் திராட்சைப் பந்தலா இருந்திருந்தா நரி சொன்னதுல பாதி நெசம்தான். சரியாப் பழுக்கலைன்னா பல்லு கூசும்.

நீங்க திங்காம விட்டீங்க, அதனால அரிதாப் போச்சு. இப்ப அரிதுங்குறதால அது பின்னாடி ஓடுறீங்க. இந்த நாடகம் வாழையிலயும் நடக்குது, அதுக்கு மட்டும் ஒரு பயலும் டூர் வர மாட்டேங்குறான். கடைத்தெருவுல போய் பேயன் பழம் கேட்டுப் பாரு. கடைக்காரன் உன்னையே ஒரு மாதிரியாப் பாப்பான். உங்க அப்பன் சின்னப் புள்ளையில வயித்துச் சூட்டுக்கு அதைத்தான் தின்னான். தாயனூர்ப் பக்கம் வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, 1993லேர்ந்து. நூத்துக்கணக்குல ரகம் நட்டு வச்சுக் காப்பாத்துறாங்க, பஸ்ல போனா அரை நாள் வேலை. நீ என்னிக்காவது எட்டிப் பாத்தியா? அங்க கண்ணாடிக் கிண்ணம் குடுக்க மாட்டாங்க, அதான.

இன்னொண்ணு. குச்சி தழைச்சு, காய்ச்சு, நீ கொல்லையில பானையில ஊத்தி மூடி வச்சு ஒயின் போட்டன்னு வை. 1937ல ராஜாஜி போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உசுரோட இருக்கு. தெருவுக்குத் தெரு சர்க்காரே கடை வச்சாலும், லைசென்ஸ் இல்லாம வீட்டுல வடிச்சா உள்ளதான். ஸ்டேஷன்ல போய் ‘ஐயா, இது அரிய ரகம்’னு சொல்லிப் பாரு. ஏட்டு கிண்ணத்தைச் சுத்திப் பாத்துட்டு எழுதுவாரு.

மூஞ்சியைத் தூக்காத. நட வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? வாழைக் கொல்லையில வேண்டாம்னுதான் சொன்னேன். மாடியில உடைஞ்ச தொட்டி ஒண்ணு கெடக்கு, அடியில ஓட்டை இருக்கு, தண்ணி நிக்காது. ஆத்து மணல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நல்லா மக்குன எரு ஒரு பங்கு. குச்சியைத் தலைகீழா நட்டுடாத. சிரிக்காத, போன வருஷம் கறிவேப்பிலைக் குச்சியை எப்படி நட்டன்னு எனக்குத் தெரியும். கணு மேல பாத்து இருக்கணும், ரெண்டு கணு மண்ணுக்குள்ள. உங்க அம்மா பீர்க்கங்காய்க்குப் பந்தல் கட்டியிருக்கா. மொத வருஷம் அதுலயே படரட்டும், அவகிட்ட நான் பேசிக்கிறேன்.

ஐப்பசி மழையில அடிச்சாம்பல் வரும். இலைக்கு அடியில வெள்ளையா மாவு தூவுன மாதிரி. அதுக்கும் பிரான்ஸ்காரன்கிட்ட ஒரு வைத்தியம் இருக்கு, அது நான் மெச்சுற வைத்தியம். போர்டோங்குற ஊர்ப் பக்கம், ரோட்டோரக் கொடியில போற வர்ற பயலுக பழத்தைப் பறிக்குறானுகன்னு ஒரு தோட்டக்காரரு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலக்கித் தெளிச்சு வச்சாரு. நீலமாக் கெடந்தா விஷம்னு பயந்து ஓடுவான்ல? அந்தப் பக்கமாப் போன மில்லார்தேன்னு ஒரு விஞ்ஞானி பாத்தாரு, ரோட்டோரக் கொடி மட்டும் நோயில்லாம நிக்குது. 1885ல எழுதி வெளியிட்டாரு. திருடனுக்குப் பயந்து செஞ்சது உலகத்துக்கே மருந்தாப் போச்சு. நம்ம கொடிக்கால்காரன் இன்னிக்கும் வெத்தலைக்கு அதைத்தான் அடிக்கிறான்.

கலக்குறது லேசு. நூறு லிட்டர் தண்ணிக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. தனித்தனியாக் கரைக்கணும், மண்பானையில இல்லைன்னா பிளாஸ்டிக்குல. இரும்புச் சட்டி ஆகாது. சுண்ணாம்புத் தண்ணியில துத்தத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கிக்கிட்டே இரு. கலந்ததும் துருவில்லாத அருவா முனையை உள்ள விட்டு எடு. முனையில செம்பு நெறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தல, இன்னும் ஊத்து. படியலைன்னா சரி. ஒயின் கிண்ணத்தைச் சுத்துறதைவிட இது கஷ்டமில்லை.

உனக்கு ஒரு தொட்டிக்கு அரைக் கிளாஸ் போதும். போ, காந்தி மார்க்கெட் உரக்கடையில மயில்துத்தம் ஒரு பிடி வாங்கிட்டு வா. சுண்ணாம்பு வாங்காத. என் பெட்டியிலயே இருக்கு.